கணினிக் கூட்டத்தில் காலியிடம் எங்கே? மையப் பட்டியல் இல்லாமல் வளம் தேடும் நுட்பம்

காளஹஸ்தி: திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா வழியாகக் காளஹஸ்திக்குச் செல்லும் சாலையில் ஏர்ப்பேடு உள்ளது. வாயுலிங்கத்தைத் தரிசிக்கச் செல்லும் பக்தர்கள் பெரும்பாலும் பேருந்துச் சன்னல் வழியே பார்த்தபடி கடந்துவிடும் ஊர் அது. அதன் சுற்றுவட்டாரத்தில்தான் 2015-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திருப்பதி ஐஐடி, திருப்பதி ஐசர் ஆகிய இரு தேசியக் கல்வி நிறுவனங்களின் நிரந்தர வளாகங்கள் அமைந்துள்ளன. திருப்பதிக்கு மறுபுறம், காதங்கியில், மத்திய விண்வெளித் துறையின் கீழ் தேசிய வளிமண்டல ஆய்வகம் இயங்குகிறது. 1,024 ஆண்டெனாக்களை வரிசையாக நட்டு அமைக்கப்பட்ட அதன் எம்எஸ்டி ராடார், வானிலை ஆய்வாளர்களிடையே உலகளவில் அறியப்பட்டது.

மூலக்கூறுகளின் அமைப்பை ஆராய்பவருக்கும், மேகங்களின் நகர்வைக் கணிப்பவருக்கும், செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பயிற்றுவிப்பவருக்கும் ஒரே பசிதான்: கணினித் திறன். அந்தப் பசிக்குச் சில வேளைகளில் கெடுவும் உண்டு. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதி வெள்ளக்காடானது. சொர்ணமுகி ஆறு கரைபுரண்டது. இத்தகைய மழையை முன்கூட்டிக் கணிக்கும் கணினி மாதிரி, நாளைய மழைக்கான விடையை நாளை மறுநாள் தந்தால் பயனில்லை.

நிறுவனந்தோறும் கணினிக் கொத்துகள் இருக்கவே செய்கின்றன. ஓரிடத்தில் பணிகள் வரிசையில் காத்திருக்கும் அதே இரவில், வேறோர் ஊரில் நூற்றுக்கணக்கான செயலிகள் வேலையின்றி மின்சாரத்தை மட்டும் தின்றுகொண்டிருப்பதும் உண்டு. இல்லாமை ஒரு சிக்கல் என்றால், இருப்பது எங்கே என்று தெரியாமை அதைவிடப் பெரிய சிக்கல். பல ஊர்களில், பல உரிமையாளர்களிடம் சிதறிக் கிடக்கும் கணினிகளில் தேவைக்குப் பொருந்தியதை, மையமான ஒரு பட்டியலை நம்பாமல் தேடிப் பிடிக்கும் நுட்பமே 'பரவலாக்கப்பட்ட வளம் கண்டறிதல்' எனப்படுகிறது. செயலி, நினைவகம், சேமிப்பிடம், மென்பொருள், வலையமைப்பின் வேகம் ஆகிய அனைத்தும் இங்கே 'வளம்' என்ற சொல்லில் அடங்கும்.

சிவராத்திரியில் அறை தேடுவது போல

மகா சிவராத்திரி நாளில் காளஹஸ்திக்கு வரும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். நான்கு பேர் தங்க ஓர் அறை வேண்டும். தரைத்தளமாக இருக்க வேண்டும். வாடகை ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது. ஊரில் உள்ள எல்லா விடுதிகளின் காலியிடங்களையும் எழுதிய ஒரு பலகை பேருந்து நிலையத்தில் இருந்தால் வேலை எளிது. ஆனால், பலகையைப் பார்த்துவிட்டு விடுதிக்குச் செல்வதற்குள் அறை போய்விடலாம். பலகையை எழுதுபவர் உறங்கிவிட்டால் ஊர் முழுவதும் அறைகள் இருந்தும் ஒருவருக்கும் தெரியாது. கூட்டம் பெருகினால் பலகையின் முன்னாலேயே தள்ளுமுள்ளு.

கணினி உலகின் தொடக்க ஏற்பாடுகள் இந்தப் பலகையைப் போன்றவையே. 1999-இல் வந்த நாப்ஸ்டர், பாடல் கோப்புகளைப் பயனர்களின் கணினிகளிலேயே விட்டுவிட்டு, எது யாரிடம் இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் தன் சர்வர்களில் வைத்திருந்தது. பதிப்புரிமை வழக்கில் 2001-இல் அந்தச் சர்வர்கள் நிறுத்தப்பட்டதும் எல்லாம் நின்றது. கோப்புகள் அழியவில்லை, அவற்றைக் கண்டறியும் வழிதான் அழிந்தது. மையப் பட்டியலின் பலவீனத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு அரிது.

2000-இல் வெளிவந்த நுட்டெல்லா நேர் எதிரான வழியைப் பிடித்தது. பலகையே வேண்டாம், பக்கத்து விடுதியில் கேள், அவர் தம் பக்கத்து விடுதிகளில் கேட்பார், அவர்கள் தத்தம் அண்டை விடுதிகளில் கேட்பார்கள். ஒரு மையம் விழுந்தால் முழுவதும் விழும் என்ற ஆபத்து இதில் இல்லை. ஆனால் ஒரே கேள்வி ஊரெங்கும் எதிரொலிக்கும். அதைக் கட்டுப்படுத்த, கேள்வி இத்தனை கை மாறியதும் மடிந்துவிட வேண்டும் என்று வரம்பு வைத்தார்கள். விளைவாக, அந்த வரம்புக்குச் சற்று அப்பால் அறை காலியாக இருந்தாலும் 'இல்லை' என்றே விடை வரும்.

இரைச்சலைக் குறைக்க, கேள்வியை எல்லாருக்கும் அனுப்பாமல் தேர்ந்த சிலருக்கே அனுப்பினால் என்ன என்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் அட்ரியானா யாம்னிச்சியும் இயன் ஃபாஸ்டரும் 2001-இல் ஆராய்ந்தனர். முன்பு இதே போன்ற கேள்விக்கு விடை தந்தவர் யார் என்பதை ஒவ்வொரு கணுவும் நினைவில் வைத்து, அடுத்த முறை அவரிடமே முதலில் கேட்பது அவர்கள் சோதித்த உத்திகளுள் ஒன்று. ஊருக்கு அடிக்கடி வந்து பழகியவர் நேராகத் தெரிந்த விடுதிக்குச் செல்வதைப் போன்றது இது.

விதியே வழிகாட்டி

திருப்புமுனை 2001 ஆகஸ்டில், அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்த 'சிக்காம்' மாநாட்டில் வந்தது. 'கார்ட்' என்ற அமைப்பை மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த குழு அங்கே முன்வைத்தது. அயன் ஸ்டோய்க்கா, ராபர்ட் மோரிஸ், டேவிட் கார்கர், ஃப்ரான்ஸ் காஷூக் ஆகியோருடன் அதன் ஐந்தாவது ஆசிரியர் ஹரி பாலகிருஷ்ணன். சென்னை ஐஐடியில் 1993-இல் பட்டம் பெற்றவர். (ஏர்ப்பேடு வளாகத்துக்கு முந்தைய தொடக்க ஆண்டுகளில் திருப்பதி ஐஐடிக்கு வழிகாட்டி நிறுவனமாக இருந்ததும் அதே சென்னை ஐஐடிதான்.) அதே மாநாட்டில் 'கேன்' என்ற மற்றோர் அமைப்பும் வெளியானது. அதன் முதன்மை ஆசிரியர், புனே பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று பெர்க்லியில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்த சில்வியா ரத்னசாமி. இப்பணிக்காக 2014-ஆம் ஆண்டுக்கான கிரேஸ் முரே ஹாப்பர் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

இரண்டுமே இன்று 'பரவல் ஹாஷ் அட்டவணை' என்று அழைக்கப்படும் வகையைச் சேர்ந்தவை. அடிப்படை எண்ணம் எளிது. ஒரே பெரிய பலகையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு விடுதியிடமும் ஒரு துண்டைக் கொடுத்துவிட வேண்டும். எந்தத் தகவல் எந்தத் துண்டில் இருக்கும் என்பதை யாரும் நினைவில் வைக்கத் தேவையில்லை. ஒரு கணித விதி அதைச் சொல்லிவிடும். தேடப்படும் பெயரை அந்த விதியில் இட்டால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணுக்கு உரிய விடுதியில் போய்க் கேட்டால் போதும்.

அந்த விடுதிக்கு வழி காட்டுவதில்தான் கார்ட் அமைப்பின் நயம் இருக்கிறது. கணினிகள் அனைத்தும் ஒரு கற்பனை வட்டத்தில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் எல்லாரையும் அறிந்திருப்பதில்லை. அடுத்தவர், இரண்டு இடம் தள்ளி இருப்பவர், நான்கு தள்ளி, எட்டு தள்ளி, பதினாறு தள்ளி என்று அரை வட்டம் வரை சிலரை மட்டுமே அறிந்திருக்கிறது. எனவே ஒவ்வொரு தாவலிலும் மீதித் தூரம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. காதங்கியின் 1,024 ஆண்டெனாக்களும் 1,024 கணினிகளாக மாறி நின்றால், ஒவ்வொன்றும் சுமார் 10 முகவரிகளை மட்டும் வைத்திருந்து, சுமார் 10 தாவல்களுக்குள் யாரையும் அடையலாம். கணினிகள் 10 லட்சம் ஆனாலும் தாவல்கள் 20 என்ற அளவில்தான் நிற்கும். கூட்டம் ஆயிரம் மடங்கு பெருகியும் தேடல் இருமடங்கே ஆவதுதான் இதன் வலிமை. ஒரு கணினி திடீரென விலகினால், அது வைத்திருந்த துண்டு வட்டத்தில் அதற்கு அடுத்து நிற்பவருக்குப் போய்ச் சேரும்.

அடுத்த ஆண்டு, 2002-இல், பெட்டார் மேமுங்கோவும் டேவிட் மசியெரும் உருவாக்கிய 'கடேம்லியா' இவ்வகையில் மிகப் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. பிட்டொரண்ட் வலையமைப்பில் கோப்பு வைத்திருப்பவரைக் கண்டுபிடிப்பதும், எத்தீரியம் கணுக்கள் ஒன்றையொன்று கண்டறிவதும் இதன் வழியில் அமைந்தவையே.

'குறைந்தது 64 ஜிபி' என்ற கேள்வி

இத்துடன் சிக்கல் தீர்ந்தது என்று தோன்றலாம். தீரவில்லை. பாடலின் பெயரைத் தேடுவதும் கணினியைத் தேடுவதும் ஒன்றல்ல. பாடலுக்கு ஒரு பெயர் உண்டு. அது அப்படியே பொருந்தினால் போதும். கணினி கேட்பவரோ, 'குறைந்தது 64 ஜிபி நினைவகம், 16 செயலிக் கோர்களுக்கு மேல் காலியாக, அடுத்த ஆறு மணி நேரத்துக்கு' என்று கேட்கிறார். இது ஒரு பெயர் அன்று; பல எல்லைகளின் கூட்டு.

ஹாஷ் விதி இங்கே கைகொடுப்பதில்லை. எண்களைக் கலைத்துப் போட்டுச் சுமையைச் சமமாகப் பரப்புவதே அதன் குணம். 64 ஜிபி என்ற தகவல் வட்டத்தின் ஒரு மூலையிலும், 65 ஜிபி என்பது மறு மூலையிலும் போய் விழும். '64-க்கு மேல்' என்று கேட்டால் வட்டம் முழுவதும் அலைய நேரிடும். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2003-இல் உருவான 'மான்' அமைப்பு, எண்களின் வரிசை கெடாத வேறு வகை விதியைப் பயன்படுத்தியது. மறு ஆண்டில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த 'மெர்க்குரி', ஹாஷ் விதியையே கைவிட்டு ஒவ்வொரு பண்புக்கும் ஒரு தனி வட்டம் அமைத்தது.

அவற்றுக்கும் ஒரு விலை உண்டு. பெரும்பாலான கணினிக் கொத்துகளில் லினக்ஸ் இயங்குதளமே உள்ளது. 'லினக்ஸ்' என்ற தகவலைக் காக்கும் ஒரே கணுவின் மேல் எல்லாக் கேள்விகளும் வந்து விழுந்தால், மையப் பலகையை ஒழிக்கப் போய் வேறொரு பலகையை உருவாக்கியதாகிவிடும். அன்றியும், இயங்குதளம் ஆண்டுக்கணக்கில் மாறாது. காலியாக உள்ள செயலிகளின் எண்ணிக்கையோ நொடிக்கு நொடி மாறும். மாறாததையும் மாறுவதையும் ஒரே முறையில் பதிவுசெய்வது பொருத்தமன்று. இச்சிக்கல்களை எல்லாம் வகைப்படுத்தி, ராஜீவ் ரஞ்சன், ஆரன் ஹார்வுட், ராஜ்குமார் பூய்யா ஆகியோர் 2008-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்குள் நுழைபவர்களுக்கு நல்ல வாசல். கர்நாடகத்தில் பொறியியல் பயின்ற பூய்யா, மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றுபவர்.

கருடாவும் குரோம்பேட்டையும்

இந்தியாவில் இது ஏட்டுச் சிக்கலாக மட்டும் நிற்கவில்லை. சி-டாக் எனப்படும் உயர்நிலைக் கணினி வளர்ச்சி மையம் 2000-களின் நடுப்பகுதியில் 'கருடா' என்ற தேசியக் கணினிக் கட்டத்தை உருவாக்கியது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்த சொல் அது. பரவலான கட்டமைப்பின் வழியே வளங்களை எங்கிருந்தும் அணுகுதல் என்பது அதன் பொருள். 17 நகரங்களில் உள்ள 45 ஆய்வு, கல்வி நிறுவனங்களை இணைப்பது திட்டம்.

அந்த இணைப்பில் எந்த வேலைக்கு எந்தக் கணினி பொருந்தும் என்று கண்டறியும் ஆய்வின் ஒரு பகுதி, சென்னை குரோம்பேட்டையில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்ஐடி வளாகத்தில் நடந்தது. பேராசிரியர் தாமரைச்செல்வி சோமசுந்தரம் தலைமையிலான குழு, சி-டாக் ஆய்வாளர்களுடனும் பூய்யாவுடனும் இணைந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, சொல்லால் தேடுவதை விட்டுப் பொருளால் தேட வேண்டும் என்றது.

இது ஏன் தேவை? ஒருவர் 'யூனிக்ஸ் வகை இயங்குதளம் வேண்டும்' என்று கேட்கிறார். ஒரு கணினி தன்னை 'லினக்ஸ்' என்று மட்டும் பதிவு செய்துள்ளது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் 'இல்லை' என்று சொல்லும். விவரம் அறிந்த மனிதர் 'இதுவே போதும்' என்பார். லினக்ஸ் என்பது யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது என்பன போன்ற உறவுகளை முன்கூட்டியே வகைமரமாக எழுதி வைத்தால், கணினியும் அந்த மனிதரைப் போல விடை தரும். பல நிறுவனங்கள் தத்தம் கணினிகளைத் தத்தம் வழக்கில் விவரிக்கும் நாட்டில் இது சிறிய சிக்கல் அன்று. வேகத்தையும் தாவல்களையும் எண்ணிக்கொண்டிருந்த ஆய்வுலகில், கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே மொழியைப் பேசுகிறார்களா என்று கேட்டதுதான் குரோம்பேட்டை ஆய்வின் சிறப்பு.

கேட்காமலே பரவும் செய்தி

தேடிப் போகாமலே செய்தி தானாக வந்து சேரும் முறையும் உண்டு. ஒவ்வொரு கணினியும் சில நொடிகளுக்கு ஒரு முறை, தற்செயலாகத் தேர்ந்த ஒருவரிடம் தனக்குத் தெரிந்ததைச் சொல்லி, அவருக்குத் தெரிந்ததைக் கேட்டுக்கொள்கிறது. திண்ணைப் பேச்சில் ஊர்ச் செய்தி பரவுவது போல, அல்லது தொற்றுநோய் போல, சில சுற்றுகளிலேயே அனைவருக்கும் எட்டிவிடும். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுமையத்தினர் 1987-இலேயே இதன் கணிதத்தை வகுத்தனர். அமேசான் நிறுவனம் 2007-இல் விவரித்த 'டைனமோ' சேமிப்பு அமைப்பில், எந்தக் கணு உயிரோடு இருக்கிறது என்ற செய்தி இவ்வாறுதான் பரவியது. அதன் ஆசிரியர்களுள் ஒருவரான அவினாஷ் லக்ஷ்மண், பிரசாந்த் மாலிக்குடன் சேர்ந்து பின்னர் ஃபேஸ்புக்கில் உருவாக்கிய 'கசாண்ட்ரா'வும் அதே வழியைப் பின்பற்றுகிறது.

எந்த முறையாயினும் பழைய செய்தி என்ற நோய் விடுவதில்லை. 'காலி' என்று அறிந்து வேலையை அனுப்புவதற்குள் வேறொருவர் அந்த இடத்தைப் பிடித்திருப்பார். ஜெனீவா அருகே உள்ள செர்ன் துகள் ஆய்வுமையத்தின் தரவுகளைப் பகுப்பாய்வு செய்ய 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ள சுமார் 170 மையங்களை இணைத்த உலகக் கட்டமைப்பு, இதற்கு நடைமுறை அறிவு மிக்க ஒரு வழியைக் கையாள்கிறது. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் கொல்கத்தா மாறுசக்தி சைக்ளோட்ரான் மையமும் அதில் அங்கம். அங்கே உண்மையான வேலையை முதலில் அனுப்புவதில்லை. வெற்று 'முன்னோடிப் பணி' ஒன்று சென்று இடம் பிடிக்கிறது. நினைவகமும் மென்பொருளும் சரியாக உள்ளனவா என்று பார்க்கிறது. பிறகு, 'இடம் கிடைத்துவிட்டது, வேலையைக் கொடு' என்று கேட்டு வாங்கிக்கொள்கிறது. கூட்டமான பேருந்தில் துண்டைப் போட்டுவிட்டுக் குடும்பத்தை அழைப்பதுதான் இது. காலியிடம் பற்றிய தகவல் பழையதா புதியதா என்ற கேள்வியே இங்கு எழுவதில்லை.

எங்கே தேவை, எங்கே தேவையில்லை

மையமற்றது என்றாலே மேலானது என்று கொள்வது தவறு. ஒரே கட்டடத்தில், ஒரே உரிமையாளரிடம் உள்ள கணினிகளுக்கு மையப் பட்டியலே போதும். இன்று பெருநிறுவனங்களின் தரவு மையங்களில் பரவலாகப் பயன்படும் குபர்நெட்டிஸ் மென்பொருள், ஒரு கொத்துக்கு 5,000 கணுக்கள் வரை மைய ஏற்பாட்டிலேயே தாங்குவதாக வடிவமைக்கப்பட்டுள்ளது. உரிமையாளர் பலராகும்போதும், ஒருவர் விழுந்தாலும் மற்றவர் நிற்க வேண்டும் என்னும்போதும்தான் பரவலான முறை தன் செலவுக்கு ஈடாகிறது.

இந்திய செயற்கை நுண்ணறிவு இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 மார்ச்சில் ரூ.10,371.92 கோடி ஒதுக்கி ஒப்புதல் அளித்தது. 2025 ஜனவரியில் 18,693 ஜிபியுக்கள் அதற்கெனத் தெரிவு செய்யப்பட்டன. மார்ச்சில் அவற்றை மானிய விலையில் பெறுவதற்கான இணையவாயில் திறக்கப்பட்டது. அது ஒற்றைச் சாளரம்; அதாவது மையப் பலகை. வழங்குவோர் சில நிறுவனங்களே என்பதாலும், மானியத்துக்குக் கணக்கு வேண்டும் என்பதாலும் அது பொருத்தமான தெரிவு. ஆனால், பல்கலைக்கழகங்களின் கொத்துகள் வேலையின்றி இருக்கும் இரவுகள் அந்தப் பலகையில் இடம்பெறுவதில்லை. தேசிய சூப்பர்கணினி இயக்கத்தின் கீழ் 2022 மே மாதம் திருச்சி என்ஐடியில் தொடங்கப்பட்ட 838 டெராஃப்ளாப்ஸ் திறன் கொண்ட 'பரம் பொருள்' போன்றவை நாடெங்கும் பல நிறுவனங்களில் உள்ளன. அவற்றை இணைக்கும் சாலையும் இருக்கிறது: 2010-இல் ரூ.5,990 கோடியில் ஒப்புதல் பெற்ற தேசிய அறிவு வலையமைப்பு, கல்வி, ஆய்வு நிறுவனங்களை அதிவேகத்தில் பிணைக்கிறது. சாலை போட்டாயிற்று, எந்த வீட்டில் இடம் காலி என்று கேட்டுச் சொல்லும் ஏற்பாடே எஞ்சியிருக்கும் வேலை.

அந்த வேலையில் தொழில்நுட்பத்தைவிடக் கடினமானது நம்பிக்கை. மையம் இல்லாத வட்டத்தில் பொய் சொல்பவரைத் தடுப்பது யார்? ஒரே ஆள் ஆயிரம் போலிக் கணுக்களாக வேடமிட்டு வட்டத்தின் பெரும்பகுதியைக் கைப்பற்றலாம் என்றும், அடையாளத்துக்குப் பொறுப்பேற்கும் ஒரு மைய அமைப்பு இல்லாதவரை நடைமுறையில் இதை முற்றிலும் தடுக்க இயலாது என்றும் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் ஜான் டூசர் 2002-இல் காட்டினார். கருடா இந்தக் கேள்விக்குத் தந்த விடை நேரடியானது. கணினிகள் எங்கும் பரவியிருக்கலாம். ஆனால் அவற்றைப் பயன்படுத்த வருபவர் யார் என்பதற்கு, சி-டாக் நடத்தும் இந்தியக் கட்டச் சான்றளிப்பு ஆணையம் வழங்கும் மின்னணுச் சான்றிதழ் வேண்டும். அந்த ஒன்றுக்கு மட்டும் மையம் இருந்தது.